கால் படாத இடம்

அப்பாடா, உயிர் இருக்குது. இந்த ஒரு வசனத்தை வதனி காலையிலிருந்து எத்தனை தரம் வாய்க்குள் சொல்லிவிட்டாளோ தெரியாது, சொல்லச் சொல்ல அலுக்கவில்லை. முன்வாசலில் நின்ற ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தடியில் குந்தியிருந்து, தண்ணீர்க் குழாயை நூலாக ஓடவிட்டு வேரடியில் கிடத்திவிட்டு, கருகிப்போன ஒரு கிளையின் நுனியை விரலால் தூக்கிப் பார்த்தாள். இருக்குது. வெங்காயச் சருகு மாதிரி கபில நிறத்தில் ஒரு சின்னத் தொப்பி, அதை முட்டித் தள்ளிக்கொண்டு ஒரு பச்சை. தொட்டால் குத்தவில்லை, குழந்தையின் தலைமயிர் மாதிரி மெத்தென்று இருந்தது. நேற்றுவரை இந்தத் தொப்பிகளைக் கண்டு இவள் பட்டபாடு! செத்த மொட்டு, காய்ந்த மொட்டு, எல்லாம் முடிஞ்சுது என்று ஒவ்வொன்றாய் நசுக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டவள். எத்தனை நல்ல மொட்டை அப்படி நசுக்கினாளோ, அதை இப்போது நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்றதும் நினைப்பு அங்கேயே போய் நின்றது. பரவாயில்லை, மிச்சம் இருக்குதுதானே, அந்தா அதிலும் ஒன்று, கீழே இன்னொன்று, உள்ளுக்குள்ளே ஒரு கூட்டமே கிடக்குது. சுவெற்றர் பைக்குள் குழந்தைச் சத்தம் கேட்கிற ஒலிபெருக்கி கிடந்தது. மேல்மாடி அறையில் நிலானி நித்திரை. மூச்சுச் சத்தம் இரைச்சலோடு வந்து போனது. அதுவும் இருக்குது, இதுவும் இருக்குது. மே மாத வெயில் முதுகில் பட்டது. கனடாவில், இந்த மார்க்கம் நகரத்தில் மே மாதத்து வெயிலை நம்பிக் காலுறையைக் கழற்றக் கூடாது என்று கேதீஸ் சொல்லுவான், இவள் கழற்றிவிட்டாள், நனைந்த புல் காலில் சில்லென்றது. காலைச் சாப்பாடு சாப்பிட்டேனா? இல்லை. தேத்தண்ணி வைத்தேன், எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. ஆறிப் போயிருக்கும். போகட்டும், மரம் துளிர்த்திட்டுது, ஒரு தேத்தண்ணியா பெரிசு?

இந்த வீட்டை வாங்கின வருசம் இவள் கேட்டது முருங்கைக்கன்று. கேதீஸ் சிரித்து, முருங்கையை நட்டால் ஒரு பனிக்காலம் தாங்காதப்பா என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனது மரக்கன்றுக் கடைக்கு. அங்கே ஒரு மூலையில் சின்னத் தேர் மாதிரிக் கூம்பாக, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது இது. அல்பேர்ட்டா ஸ்ப்ரூஸ், குள்ள இனம், வெட்டாமலே வடிவம் மாறாது, ஆனால் அவசரப்படாதீங்கோ, மெல்லமாத்தான் வளரும் என்றார்கள். மெல்லமாய் என்றால் எப்படி? வருசத்துக்கு விரலளவு. இவளுக்கு அந்த மெல்லம் பிடித்துப்போனது. அப்போது இவளுக்கும் எல்லாம் மெல்லமாகத்தான் நடந்துகொண்டிருந்தது, அதாவது நடக்கவே இல்லை. வைத்தியரிடம் போவதும் வருவதும், ஊசி போடுவதும், ஒரு மாதம் நம்புவதும், அடுத்த மாதம் குளியலறையில் குந்தியிருந்து அழுவதும். அழுகை முடிய வெளியே வந்து இந்த மரத்துக்குத் தண்ணீர் விடுவாள். பனிக்காலத்துக்கு முன்னம் நாலு தடி நட்டுச் சாக்குக் கட்டுவாள், மேற்குக் காற்று ஊசியிலையை உலர்த்திப் போடும் என்று. கோடையில் வெள்ளைக் கடதாசியைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டிப் பார்ப்பாள், சிலந்திப்பூச்சி விழுகுதோ என்று. ஒருமுறை பக்கவாட்டில் ஒரு கிளை மட்டும் விறுவிறுவென்று நீளமாய்க் கிளம்பியது. ஆஹா, வளருதே என்று இவள் துள்ளிக் குதிக்க, அது குள்ள மரம் தன் பழைய காட்டுக் குணத்துக்குத் திரும்புவதாம், வெட்டாவிட்டால் மற்றதெல்லாத்தையும் தின்றுவிடுமாம். கேதீஸ் வெட்டினான். இவள் அன்றைக்கு அவனோடு கதைக்கவில்லை. உம்முடைய மூத்த பிள்ளை என்று அவன் மரத்தைச் சொல்லுவான், பகிடியாய்த்தான். அவளுக்கு அது பகிடியாய் இருந்ததில்லை. அந்த நாளில் இவளுக்குப் பக்கத்தில் நின்ற ஒரே ஆள் தவம் மச்சாள். கேதீஸின் அக்கா. அவருக்கும் பிள்ளை இல்லை, புருசனும் போய்ச் சேர்ந்திட்டார். தம்பி வீட்டுக்குக் கிட்ட இருக்கவேணும் என்று பின்தெருவில் ஒரு கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து வந்தவர். பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று போகிற இடமெல்லாம் ஆட்கள் வந்து, இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ என்று கேட்கிறபோது மச்சாள்தான் முன்னுக்கு வந்து, விசேஷம் இருந்தால் உங்களுக்குத்தான் முதல் சொல்லுவம், இப்ப வடையை எடுங்கோ என்பார். காரில் வரும்போது இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வரும். பேந்து அந்தக் கண்ணீர் சிரிப்பில் வந்ததா என்று இருவரும் கேட்டதில்லை.

பிறகு நிலானி. போன ஆடியில். நாற்பது தாண்டின பிறகு, வைத்தியரே கைவிட்ட பிறகு, ஏதோ ஒரு மறதியில் கடவுள் கொடுத்துவிட்டதுபோல வந்து சேர்ந்தாள். முதல் தூக்கினது கேதீஸ், ரெண்டாவது தவம் மச்சாள். மச்சாள் தூக்கிக்கொண்டு நின்ற நிற்பு வதனிக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்குது, மூச்சு விடவே பயந்தமாதிரி. தண்ணீர்க் குழாயைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். ஒரே இடத்தில் ஊற்றக் கூடாது, சுற்றிச் சுற்றி ஊறவேணும், உப்பு கீழே கீழே இறங்கிப் போகவேணும். உப்பு! சொன்னால் ஆர் நம்புவினம்? யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வாட்ஸப்பில் வந்து முகத்தைக் கமராவுக்கு ஒட்டிவைத்துக்கொண்டு சொன்னது இப்போதும் காதில் கேட்குது. பிள்ளை இவ்வளவு காலம் கழிச்சுக் கிடைச்சது, ஊர்க்கண் எல்லாம் உன்னிலைதான் நிக்கும், செவ்வாயும் வெள்ளியும் கண்ணூறு கழிக்காமல் விட்டிடாதை பிள்ளை. உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துச் சுத்தி அடுப்பிலை போடு. போட்டாள். ஒரே ஒரு முறைதான் போட்டாள். மிளகாய் வெடித்துப் புகை கிளம்பினதும் வீட்டிலிருந்த புகைமணி எல்லாம் ஒன்றாய்க் கத்தத் தொடங்கிவிட்டது. பிள்ளை வீரிட்டு அழ, கேதீஸ் தும்புத்தடியால் கூரையிலே மணியைக் குத்த, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வெறுங்காலோடு வந்து நின்று, நெருப்போ நெருப்போ என்று கேட்டார். அம்மாவிடம் சொன்னாள். அம்மா யோசித்தாள். அம்மா யோசித்தால் ஆபத்து. அப்ப உப்பைத் தண்ணியிலை கரைச்சு, கால் படாத இடத்திலை ஊத்து. கால் படாத இடம்! இந்த ஊரில் கால் படாத இடம் எங்கே கிடக்குது? வாசலில் தபால்காரன் கால், நடைபாதையில் நாய் நடத்துகிறவர்களின் கால், பின்வளவில் அணிலின் கால். வதனி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினாள். கிளையெல்லாம் நிலத்தைத் தொட்டுக்கொண்டு பாவாடை விரித்தமாதிரி நின்ற இந்த மரத்தைக் கண்டாள். பாவாடையைத் தூக்கி உள்ளே பார்த்தால் ஒரு மனிசக் கால் படாத மண். அடடா, என்ன வாய்ப்பான இடம் என்று மனம் குளிர்ந்து, செவ்வாயும் வெள்ளியும் கைப்பிடி கைப்பிடியாய்க் கல்லுப்பைப் பிள்ளையைச் சுற்றி எடுத்துக் கரைத்து அதற்குள்ளே ஊற்றினாள். ஆசையாய், பக்தியாய், ஒரு கிழமை தவறாமல். மூத்த பிள்ளைக்கு நஞ்சு வைத்து இளைய பிள்ளையைக் காப்பாற்றினாள் மகராசி.

அதுக்குள்ளே புரட்டாதி வந்தது. மச்சாள் ஒருநாள் நிலானியைப் பார்த்துவிட்டுப் போகிறபோது படியில் நின்று மரத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்த சந்தோசம் இன்னும் முகத்தில் இருந்தது. அதே முகத்தோடு, எடி வதனி, இதுவும் என்ன வடிவாய் வந்திட்டுதடி, ஒரு குறை சொல்லேலாது என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எண்ணிப் பத்து நாள்கூட இராது, வாசற்பக்கத்துக் கிளைகளில் ஊசி நுனிகள் செம்மண் நிறத்துக்கு மாறின. முதலில் வெயில் என்று நினைத்தாள். பூச்சியோ என்று கடதாசி பிடித்துத் தட்டினாள், ஒன்றும் விழவில்லை. ஐப்பசியில் அந்தப் பக்கம் முழுக்கச் சிவந்துபோய் நின்றது. அப்போது வந்தது அந்த நினைப்பு. எங்கிருந்து வந்தது, யார் சொல்லி வந்தது, வதனிக்குத் தெரியாது. சமையலறையில் வெந்தயம் வறுத்துக்கொண்டு நின்றபோது வந்தது. கண். மச்சாளின்ரை கண். வெந்தயம் கருகினதும் தெரியாமல் நின்றாள். சே, என்ன நினைப்பு இது என்று தன்னையே ஏசினாள். ஆனால் வந்த நினைப்பு போகவில்லை, போய்விட்டு இன்னும் கொஞ்சத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. மரத்தைப் பார்த்துச் சொன்ன வாய் பிள்ளையைப் பார்த்தும் சொன்னதுதானே? மரத்துக்கு இப்ப, பிள்ளைக்கு எப்ப? மூத்ததைப் பிடித்தது இளையதை விடுமா? இரவில் எழும்பிப் போய் நிலானியின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்க்கிற பழக்கம் அப்போதுதான் தொடங்கியது. மரத்துக்கும் சேர்த்துக் கண்ணூறு கழிக்கத் தொடங்கினாள், அதுவும் கைப்பிடி கூட்டி, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. மரம் இன்னும் கருகியது. கருகக் கருக உப்புக் கூடியது. கார்த்திகையில் ஒருநாள், பனி இன்னும் விழவில்லை, காற்று மட்டும் வெட்டிக்கொண்டு போனது. சட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஊர்க்கண், உறவுக்கண், கண்ட கண், காணாத கண் எல்லாம் போகட்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. தவம் மச்சாளின்ரை கண்ணும் போகட்டும், பிள்ளையில்லாதவளின்ரை கண்ணும் போகட்டும் என்றாள். உரத்துத்தான் சொன்னாள். பயம் பிடித்தவள் மெதுவாய்ச் சொல்லுவாளா? திரும்பினால் நடைபாதை முடிவில் மச்சாள் நிற்கிறார், கையில் ஒரு பை. முகம்கூட மாறவில்லை. மெதுவாய் வந்து பையைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். உள்ளே இன்னும் சூடு ஆறாத இடியப்பமும் சொதியும். இரவு கேதீஸ் ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டு, அக்கா ஏன் உள்ளுக்கு வரேல்லை என்று கேட்டான். குளிராம் என்றாள் வதனி. அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. பிள்ளையில்லாதவள். பத்து வருசமாய் ஆட்கள் இவளைக் குத்தின சொல் அது. தனக்குப் பின்னால் மெதுவாய்ச் சொல்லப்பட்டதை எத்தனை தரம் கேட்டு எரிந்தவள் இவள். அதையே எடுத்து, தன்னோடு சேர்ந்து எரிந்த மனிசியின் முகத்துக்கு நேரே எறிந்தாளே. எறிந்தது எறிந்ததுதான்.

பனிக்காலம் முழுக்க மச்சாள் வரவில்லை. முழங்கால் நோகுதாம், படி ஏறேலாதாம், தம்பியிடம் தொலைபேசியில் சொல்லுவார். ஏறமுடியாத முழங்காலோடு தினமும் காலையில் நடக்கமட்டும் போவார், பழக்கம் விடாது. முந்தி இந்தப் பக்க நடைபாதையால் வந்து, வதனி வாறியோ என்று கதவில் தட்டிக் கூட்டிக்கொண்டு போகிறவர். இப்போது எதிர்ப்பக்கத்தால் போவார். இந்த வீடு வருகிறபோது முகத்தை அங்கால் திருப்பிக்கொள்ளுவார், அந்தப் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு போவதுபோல. யன்னல் திரைக்குப் பின்னால் நின்று வதனி தினமும் அதைப் பார்த்தாள். கோபம், வைராக்கியம், முகத்திலை முழிக்க விருப்பமில்லை, சரிதானே, ஆர் விரும்புவினம்? போய்க் காலில் விழுந்திடு என்று ஒரு மனம் சொல்லும். மற்ற மனம் சொல்லும், விழுந்து என்னத்தைச் சொல்லுவாய்? சொன்னது பிழை எண்டோ? பிழையோ? மரம் கருகித்தானே நிக்குது? தையில் நிலானிக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு நெருப்பாய்க் கொதிக்க வைத்தியசாலைக் கதிரையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தபோது வதனிக்கு மரம்தான் கண்ணில் வந்தது, சிவந்துபோன அந்தப் பக்கம். முடிஞ்சுது, இளையதுக்கும் வந்திட்டுது. காதுக்குள் கிருமியாம், மருந்து குடித்து மூன்றாம் நாள் பிள்ளை சிரித்தாள். பயம் மட்டும் குணமாகவில்லை. பேந்து பங்குனி. பனி உருகி மண் தெரிந்த ஒரு காலை, கேதீஸ் வாசலில் நின்று மரத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். இஞ்சாரும், உதுக்கு உப்பு ஆகாதாம், கடைக்காரன் அப்பவே சொன்னவன், நான் முந்தின வருசம் பனி உருக நடைபாதைக்கு உப்புப் போடேக்கை சிந்திப்போட்டன் போல. இவள் கையில் அப்போது என்ன இருந்தது தெரியுமோ? கரைத்த உப்புச் சட்டி. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. உப்பு ஆகாதாம். சட்டியைப் பின்னுக்கு மறைத்துக்கொண்டு உள்ளே போய், கைகழுவுகிற தொட்டியில் ஊற்றிவிட்டு, குசினி நிலத்தில் இருந்துவிட்டாள். கருகினது வாசற்பக்கம்தானே, தெருப்பக்கம் இல்லையே. தான் பாவாடையைத் தூக்கி ஊற்றின பக்கம். அந்த மனிசன் பாவம், ரெண்டு கிழமை தன்னையே ஏசிக்கொண்டு திரிந்தது. பொறுக்க முடியாமல் ஒருநாள் சொன்னாள். சிரித்தான் பாருங்கோ, கட்டில் ஆடினது, பிள்ளை எழும்பிவிட்டாள். சிரித்து முடிய, வெளிக்குழாய் திறக்கிற காலம் வரட்டும், தண்ணியை மெல்லமாய் நிறைய விட்டால் உப்பு இறங்கிப்போகும், மொட்டு உயிரோடை இருந்தால் தப்பும் என்றான். அக்காவைப் பற்றி அவனுக்குத் தெரியாது. உப்பைச் சொன்ன வாய்க்கு அதைச் சொல்ல வரவில்லை.

சித்திரையிலிருந்து இதுதான் வேலை. பிள்ளை நித்திரையானதும் குழாய், மரத்தடி, காத்திருப்பு. நம்பிக்கை என்று சொல்ல முடியாது, ஒரு பிடிவாதம். இன்றைக்கு விடியப் பார்த்தால் பச்சை. சரி, துளிர்த்திட்டுது, அப்ப கண் இல்லை. கண்ணூறே இல்லை என்று சொல்ல வதனிக்கு இன்னும் வாய் வராது, அம்மா பெற்ற பிள்ளைதானே. உப்பு இருக்குது என்றுமட்டும் தெரியும். அது போதும். நெஞ்சுக்குள் ஏதோ ஒரு கட்டு அவிழ்ந்து, உடம்பு முழுக்க இலேசாய்ப் போயிருந்தது. கருகின ஊசியெல்லாம் கைபட உதிர்ந்தது. மொட்டில்லாத கிளை இனித் துளிர்க்காது. ஸ்ப்ரூஸ் அப்படித்தான், பழைய தடியிலிருந்து புதிசாய் எதுவும் வராது. பக்கத்துக் கிளைதான் நீண்டு வந்து மூடவேணும், வருசக்கணக்காகும், அதுவரைக்கும் வாசலுக்கு வருகிற எவருக்கும் அந்த ஓட்டை தெரியும். தெரியட்டும். எல்லாரும் பார்க்கட்டும். அப்போது எதிர்ப்பக்க நடைபாதையில் நீலக் குளிர்ச்சட்டை தெரிந்தது. மச்சாள். இந்த வீடு வந்ததும் முகம் அங்கால் திரும்பியது. ஐயோ, கூப்பிடு. என்னெண்டு கூப்பிட? கூப்பிட்டு என்ன சொல்ல? இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு ஒழுங்காய் யோசித்து, ஒரு நல்ல சொல்லாய்ப் பார்த்து... நாளைக்கு என்றால் நாளைக்கும் நாளைக்குத்தான். "மச்சாள்!" என்று தன் குரல் கத்தியதை வதனி கேட்டாள்.

நீலச்சட்டை நின்றது. திரும்பவில்லை.

"என்னடி?"

"மச்சாள், மரம் துளிர்த்திட்டுது."

"மெய்யே?" என்றார், எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு. அந்தக் குரலில் கோபம் இல்லை. வதனி அதைக் கேட்டுத் திகைத்துப்போனாள், இவ்வளவு நாளும் யன்னலுக்குப் பின்னால் நின்று கோபம் கோபம் என்று எண்ணிக்கொண்டிருந்தாளே. "முருகா. நல்லதடி. நல்லது."

"வந்து பாருங்கோவன்."

"வேண்டாம் பிள்ளை. இவ்வளவு நாளும் பாராமல்தானே போனனான். அதுதான் துளிர்த்திருக்குது. நான் இனியும் பாக்கமாட்டன், நீ பயப்பிடாதை."

அப்ப அந்த முகம் திருப்பல்? குப்பைத் தொட்டி? ஏறமுடியாத படி? தையிலே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டு, தம்பியிடம் நாளுக்கு மூன்று தரம் தொலைபேசி எடுத்துக் கேட்டவர் ஒருமுறைகூட வந்து எட்டிப் பார்க்காதது? நம்பியிருக்கிறார். இவள் எறிந்த சொல்லை எடுத்து, அது உண்மை என்று நம்பி, தன்ரை கண்ணைத் தானே கட்டிக்கொண்டு ஒரு பனிக்காலம் முழுக்க நடந்திருக்கிறார். வதனி வெறுங்காலோடு தெருவைக் கடந்தாள். கார் ஒன்று பிரேக் போட்டு ஏசிக்கொண்டு போனது. மச்சாளின் கையைப் பிடித்தாள், கை குளிர்ந்துபோயிருந்தது.

"உப்பு மச்சாள். நான் ஊத்தின உப்பு. பிள்ளைக்குக் கழிச்சுக் கழிச்சு மரத்தடியிலைதான் ஊத்தினனான். அதிலைதான் கருகினது. உங்கடை கண் இல்லை. சத்தியமாய் இல்லை."

"நீ என்னை ஆத்துறதுக்குச் சொல்லுறாய்."

"வந்து பாருங்கோ எண்டுறன்!"

இழுத்துக்கொண்டுதான் வந்தாள். ஒரு பெரிய மனிசியைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு போவதை அந்தச் சீனக் கிழவர் தன் வாசலில் நின்று பார்த்தார். மச்சாள் மரத்தடியிலும் கண்ணைக் கீழேதான் வைத்திருந்தார். வதனி குந்தியிருந்து கிளைகளைத் தூக்கிப் பிடித்தாள். உள்ளே தண்ணீர் இன்னும் எட்டாத மூலையில் ஒரு கல்லின் மேல் வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது. மச்சாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, விரலால் அதைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது.

"சீ! உப்புத்தானடி!"

"சொன்னன்தானே."

"எடி விசரி, எவ்வளவத்தை ஊத்தினனி? உதுக்குப் பனைமரமே செத்துப் போயிருக்குமே!" துப்பினார். துப்பிவிட்டு நிமிர்ந்தபோது மரத்தை நேருக்கு நேரே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கக் கூடாது என்பது மறந்துபோய்விட்டது. ஓட்டை விழுந்த பக்கத்தைப் பார்த்தார், பச்சை நுனிகளைப் பார்த்தார், ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். "பாவமடி இது. வாயில்லாச் சீவன்."

"அண்டைக்கு நான் சொன்னது, மச்சாள்..." என்று தொடங்கின வதனிக்கு மிச்சம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"நொந்ததுதான்," என்றார் மச்சாள், மரத்தைப் பார்த்தபடியே. "வேறை ஆரும் சொல்லியிருந்தால் நொந்திராது. நீ சொன்னதாலை நொந்தது. சரி, அழாதை. மூக்கைத் துடை."

பைக்குள் ஒலிபெருக்கி சிணுங்கியது. பிறகு இருமல் மாதிரி ஒன்று, பிறகு முழுக் குரலில் அழுகை. இரண்டு பேரும் ஒன்றாய் நிமிர்ந்தார்கள். மச்சாளின் கால் ஒரு அடி பின்னுக்குப் போனது, தன்னையறியாமல், இவ்வளவு மாதப் பழக்கம்.

"போ, போய்த் தூக்கு. நான் பேந்து ஒருநாள் வாறன்."

"நீங்கள் போங்கோ மச்சாள்," என்றாள் வதனி. "கதவு திறந்துதான் கிடக்குது. நான் குழாயை மாத்தி வைச்சுப்போட்டு வாறன்."

"நானோ? தனியவோ?"

"ஓம். கெதியாய்ப் போங்கோ, கத்துறாள்."

மச்சாள் அவளை ஒருமுறை பார்த்தார். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார், முடிச்சு அவிழவில்லை, குதிக்காலால் மற்றதை மிதித்து உதறிவிட்டு உள்ளே போனார். வதனி பையிலிருந்து ஒலிபெருக்கியை எடுத்துக் காதில் வைத்தாள். படியில் அடி விழுகிற சத்தம், முழங்கால் நோவுக்காரிக்கு என்ன வேகம். அறைக்கதவு. அழுகை ஒருகணம் இன்னும் உரத்து, பிறகு விக்கலாகி, பிறகு நின்றது. இப்போது மச்சாளின் குரல், இரைச்சலுக்குள்ளிருந்து, நடுங்கிக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கிற சந்தோசத்தோடு: "ஆரடி இது? ஐயோ, ஆரடி இந்தக் குண்டுக் கள்ளி? என்னடி இவ்வளவு வளர்ந்திட்டாய், கன்னத்தைப் பார், தொடையைப் பார்!"

வதனி எழும்பி ஓடவில்லை. அவர்கள் ஆறுதலாய் இறங்கி வரட்டும் என்று குழாயை மற்றப் பக்கத்துக்கு மாற்றி வைத்துவிட்டு, அந்தப் புல்லிலேயே இருந்தாள்.